கடல் வாயிலில் ஒரு பழைய ஊர்

விடுமுறை என்றதும் நகரங்களில் வாழும் நம் குடும்பத்தாரின் நினைவில் எழுவன இரண்டே. ஒன்று மலை வாசம். மற்றொன்று திருத்தலப் பயணம். உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்று குளிர்ந்து திரும்புவர். அன்றேல் வேளாங்கண்ணிக்குச் சென்று நேர்ச்சையைச் செலுத்தித் திரும்புவர். இரண்டும் நன்றே. ஆயினும் மூன்றாவதாக ஒரு வகைப் பயணமும் உண்டு என்பதை இம்முறை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அது, பழைய துறைமுகமொன்றை அடுத்து வளர்ந்த ஊரில் இரண்டு நாள் தங்கிக் கால்நடையாகவே சுற்றி வருவது.

நகரத்து மாந்தர்க்கு இத்தகைய ஊர்கள்மீது ஏன் இத்துணை ஈர்ப்பு? நாம் குடியிருக்கும் நகரங்களில் முப்பது ஆண்டுகட்கு முற்பட்ட வீட்டைக் காண்பதே அரிதாகிவிட்டது. உண்ணும் மீனைப் பிடித்தவர் யார், உடுத்தும் துணியை வெளுத்தவர் யார் என்று நாம் அறியோம். அறிய வேண்டிய தேவையும் எழுவதில்லை. துறைமுக ஊரிலோ எல்லாம் கண்ணெதிரே நிகழ்கின்றன. வலை விழுகிறது, எழுகிறது, படகு அணைகிறது, மூட்டை இறங்குகிறது, அடுத்த தெருவில் ஆலய மணி ஒலிக்கிறது. அரை மணி நேர நடையில் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்துவிடலாம். கோவையிலிருந்து புகைவண்டியில் நான்கு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய அத்தகைய ஊர் ஒன்று உண்டு. அதுவே கொச்சிக் கோட்டை. ஃபோர்ட் கொச்சி என்று மக்கள் வழங்குவது. நமது பங்கைச் சேர்ந்த சில குடும்பங்களுடன் நாம் அங்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கி வந்தோம்.

எர்ணாகுளத்திலிருந்து பாலங்களைக் கடந்து பேருந்திலும் செல்லலாம். ஆனால் அவ்வாறு செல்வது பின்கதவு வழியே ஒரு வீட்டுக்குள் நுழைவதை ஒக்கும். படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு காயலின் குறுக்கே நீர்வழியே செல்வதே முறை. அரசுப் படகுகள் நெடுங்காலமாக ஓடுகின்றன. 2024 ஏப்ரல் முதல் ‘வாட்டர் மெட்ரோ’ என்னும் குளிரூட்டப்பட்ட புதுப் படகுகளும் கோட்டைக்குச் செல்கின்றன. சிறுவர் புதுப்படகையே விரும்பினர். நாமோ சாளரத்தில் கண்ணாடியில்லாத, காற்றும் உப்பும் முகத்தில் படுகின்ற பழைய படகையே பரிந்துரைப்போம்.

இத்துறைமுகம் தோன்றிய வரலாறே வியப்புக்குரியது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம், சங்கப் புலவர் பாடிய முசிறித் துறையை மணலால் தூர்த்துவிட்டுத் தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதுவாயில் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். ஓர் ஊரின் அழிவில் மற்றோர் ஊர் பிறந்தது. 1500-இல் கப்ரால் என்னும் தலைவனுடன் போர்த்துக்கீசியர் கொச்சிக்கு வந்தனர்; 1503-இல் கோட்டை கட்டினர். இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை அதுவே. 1663-இல் டச்சுக்காரரும், 1795-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். இன்று கோட்டை இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வூருக்கு நேர்ந்த மாற்றத்தைப் பயணிகளுக்கு வழிகாட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. துறைமுக வாயிலில் பெரும் மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தமையால், பெருங்கப்பல்கள் வெளியே கடலிலேயே நங்கூரமிட, சரக்குகளைத் தோணிகளில் ஏற்றியிறக்கினர். 1920-இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அத்திட்டைத் தோண்டி அகற்றுவித்தார். 1928-இல் கப்பல்கள் உள்ளே வரலாயின. தோண்டிய மண்ணைக் கொண்டே வெல்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. அத்துடன் வாணிகம் அத்தீவுக்குப் பெயர்ந்தது. 2011-இல் வல்லார்பாடத்தில் பெட்டகத் துறைமுகம் திறந்தபின் இன்னும் அப்பால் சென்றது. ஆகவே, இன்று நாம் கொச்சிக் கோட்டையில் இரசிக்கின்ற அமைதி தானாக வந்ததன்று. வேலை விலகிச் சென்றபின் எஞ்சிய அமைதி அது. கப்பல்கள் இன்றும் கரையை உரசுவதுபோல் மிக அருகே செல்கின்றன. ஆனால் இங்கு நிற்பதில்லை. கடற்கரைச் சுவரில் அமர்ந்து, வீடுகளைவிட உயர்ந்த கப்பலொன்று ஓசையின்றி நகர்ந்து போவதைக் காணும் சிறுவர் வாய் பிளந்து நிற்கின்றனர். அருகில் கடலை விற்பவர் தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

கரையோரத்தில் முதலில் கண்ணைக் கவர்வன சீனவலைகள். சீனக் கடலோடிகள் இவற்றைக் கொணர்ந்தனர் என்பது மரபு. மக்காவிலிருந்து போர்த்துக்கீசியரே கொணர்ந்திருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த மரச்சட்டம்; அதன் நுனியில் வளைந்த கழிகளில் தொங்கும் பெருவலை; மறுமுனையில் கயிறுகளில் கோத்துக் கட்டிய பாறைக் கற்கள். எடை அத்துணை நுட்பமாகச் சமன் செய்யப்பட்டிருக்கிறது. நடுமரத்தின் மீது ஒருவர் நடந்து சென்றாலே வலை நீரில் தாழ்கிறது. சில நிமிடங்கள் கழித்து நால்வர் அறுவர் கூடிக் கயிற்றைப் பற்றி இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்க, வலை எழுகிறது. நம்முடன் வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் நெம்புகோல் பாடத்தை அங்கேயே நடத்திவிட்டார்!

ஆனால் எழுந்த வலையில் என்ன இருந்தது? ஒரு கைப்பிடி மீன். அதனோடு ஆகாயத்தாமரைக் கொத்தும் பிளாஸ்டிக் பைகளும். காலை முழுவதும் நின்று பார்த்தோம். ஓரிரு முறையே கூடையில் போடத்தக்க அளவு மீன் கிடைத்தது. தேக்கு மரம் விலை உயர்ந்துவிட்டமையால் பல வலைகளில் இரும்புக் குழாய்களைப் பொருத்தியிருக்கின்றனர். பழைமை கெட்டுவிட்டதே என்று பயணி ஒருவர் அங்கலாய்த்தார். மரம் வாங்கிக் கொடுக்க அவர் முன்வந்ததாகத் தெரியவில்லை. வருவோரைக் கயிறு பிடிக்க அழைத்து, அதற்காகச் சிறு தொகை பெற்றுக்கொள்வதும் இப்போது வலைக்காரர்களின் வரும்படியில் ஒரு பகுதியாகியிருக்கிறது. நம் குடும்பத்தார் இழுத்தனர், கை சிவந்தது, கொடுப்பதை மனமுவந்தே கொடுத்தனர்.

கரையிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது புனித பிரான்சிஸ் ஆலயம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கன் துறவியர் கட்டியது. டச்சுக்காரர் கைக்கு வந்தபின் சீர்திருத்த சபையாருக்கும், பின்னர் ஆங்கிலிக்கன் சபையாருக்கும் உரியதாகி, இன்று தென்னிந்தியத் திருச்சபையாரிடம் உள்ளது. வாஸ்கோ ட காமா 1524-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் கொச்சியில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகட்குப்பின் அவருடைய எலும்புகள் லிஸ்பனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வெறும் கல்லறை இடத்தைச் சுற்றிக் கம்பி அடைத்திருக்கின்றனர், கூட்டமெல்லாம் அங்கேதான். நாமோ மேலே பார்த்தோம். வழிபடுவோர் தலைக்கு மேலே நீண்ட துணி விசிறிகள் இன்றும் தொங்குகின்றன. வெளியே வெயிலில் நின்று கயிற்றை இழுத்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

நமது உள்ளத்தை நெடுநேரம் நிறுத்தியது சாந்தா குரூஸ் பேராலயமே. 1505-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், திருச்சிலுவை கண்டெடுக்கப்பட்ட திருநாளன்று அடிக்கல் நாட்டப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. பாப்பரசர் நான்காம் சின்னப்பர் காலத்தில் மறைமாவட்டத்தின் தலைமை ஆலயமாயிற்று. 1663-இல் கத்தோலிக்க ஆலயங்களை இடித்த டச்சுக்காரர், இதனை இடிக்காமல் படைக்கலக் கிடங்காக்கினர். அதனையும் பின்னர் ஆங்கிலேயர் தகர்த்தனர். பழைய ஆலயத்தின் கருங்கல் தூண் ஒன்று மட்டும் வளாகத்தின் மூலையில் நிற்கிறது. இப்போதுள்ள ஆலயம் 1905 நவம்பர் 19 அன்று அபிஷேகம் செய்யப்பட்டது. 1984-இல் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

உட்புறத்தை ஓவியத்தால் அணி செய்தவர் இத்தாலிய நாட்டு இயேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி. மங்களூர் புனித அலோசியுஸ் சிற்றாலயத்தின் சுவர்களையும் கூரையையும் நிறைத்த அதே கைகள். பீடத்தை நோக்கி நடந்து, மேலே உள்ள இறுதி இராவுணவுச் சித்திரத்தைக் கண்டு நின்றோம். இந்த ஆலயத்தின் அபிஷேகத்தை மொஸ்கேனி காணவில்லை. 1905 நவம்பர் 15 அன்று கொச்சியிலேயே அவர் உயிர் நீத்தார். நான்கே நாட்கள் மிஞ்சியிருந்தன. இதனைக் குடும்பத்தாருக்குச் சொன்னபோது, அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த சிறுவர் கூட அண்ணாந்து பார்த்தனர்.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு இவ்வூர் அயலூர் அன்று. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவரின் பட்டங்கட்டிகள் உதவி நாடி வந்தது கொச்சிக்குத்தான். அவர்கள் திருமுழுக்குப் பெற்றதும் இங்கேதான். அதன்பின் இங்கிருந்து சென்ற குருக்கள் தூத்துக்குடிக் கரையோரம் பல்லாயிரவருக்குத் திருமுழுக்கு அளித்தனர். புனித சவேரியார் அக்கரைக்கு வந்தது 1542-இல். அதாவது நம் மூதாதையர் கொச்சி மண்ணை மிதித்த பின்னரே. அவர் உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற மடல் 1544 ஜனவரி 15 அன்று கொச்சியில் எழுதப்பட்டது. மயிலை மறைமாவட்டம் 1606-இல் பிரியும்வரை சோழமண்டலக் கரையும் கொச்சி ஆயரின் ஆளுகையில் இருந்தது. இன்னொன்றும் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14 அன்று, அண்டிரிக் அடிகளாரின் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்ற தமிழ் மறைக்கல்வி நூல் அச்சேறியது கொச்சியிலேதான். அந்த அச்சுக்கூடத்தின் நினைவாக ஒரு பலகையையேனும் தேடினோம். நம் கண்ணில் எதுவும் படவில்லை. நினைத்துப் பார்த்தால், சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று நாம் வீட்டில் நாள்தோறும் வழங்கும் சொற்களும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தவையே. நம்மைப் ‘பாதிரியார்’ என்று அழைக்கும் சொல்லும் அவ்வழி வந்ததே!

தமிழ் இன்றும் வாழும் இடம் ஒன்று இவ்வூரில் இருக்கிறது. வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைத்துறைக்கு மறுநாள் சென்றோம். டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் கல். துணியை உலர்த்துவதற்குக் கவ்விகள் இல்லை. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் நுனியைச் செருகிவிடுகின்றனர். கடற்காற்றும் அதனைப் பறித்துச் செல்வதில்லை. கஞ்சி போட்டு, வெண்மை கண் கூசும்படி வரிசையாகத் தொங்கிய வேட்டிகளை நம் தாய்மார் கையால் தொட்டுப் பார்த்து வியந்தனர்.

முதியவர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டு, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நாம் குரு என்று அறிந்ததும், “வாங்க சாமி, எந்த ஊருப் பக்கம்?” என்றார். மலையாளம் கலந்த அத்தமிழ் செவிக்கு இனிதாக இருந்தது. “நம்ம பேச்சு காதுல விழுந்தா கை தானா நின்னுபோகுது சாமி,” என்று சிரித்தார். தொழில் எப்படி ஐயா என்று வினவினோம். “படம் எடுக்க நிறையப் பேரு வர்றாங்க. துணி கொண்டு வர்றவங்கதான் குறைஞ்சுட்டாங்க. பிள்ளைங்களும் இதுக்கு வரமாட்டேங்கிறாங்க, வரச் சொல்லவும் மனசில்ல,” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகவே சொன்னார். நம் குழுவினர் பையிலிருந்த அழுக்குத் துணிகளை எடுத்து வந்து கொடுத்தனர். மாலையில் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன.

மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர் தூரம். பழைய கிட்டங்கிகள் வரிசையாக நிற்கும் பஜார் சாலை வழியே நடந்தால் சுக்கு, மிளகு, ஏலம் என்று மணத்தைக் கொண்டே கடைகளை அடையாளம் காணலாம். 1568-இல் கட்டிய யூதர் தொழுகைக் கூடமும், போர்த்துக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்த அரண்மனையும் அங்கே உள்ளன. தொழுகைக் கூடத்தின் தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளைக் காணத் தவறக்கூடாது. அங்குத் தொழுத யூதர் பெரும்பாலோர் 1948-க்குப்பின் இஸ்ரயேல் நாட்டுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் வாழ்ந்த தெருவில் இப்போது இருமருங்கிலும் பழம்பொருட் கடைகள். இவ்விடத்தை நாம் விரைவாகவே கடந்தோம். ஒரு தெரு முழுவதும் தன் குடிகளை இழந்து கடைகளாகவே மாறிவிடும்போது, எவ்வளவு அழகாயினும் மனம் ஒட்டுவதில்லை. அரண்மனைக்கு வெள்ளியன்றும் தொழுகைக் கூடத்துக்குச் சனியன்றும் விடுமுறை என்பதைப் பயணம் செல்வோர் நினைவிற் கொள்க.

மட்டாஞ்சேரியில் மங்காட்டு முக்கு என்னுமிடத்தில் ஒரு சிறு மாடம் இருக்கிறது. உருவம் எதுவும் இல்லை. மெழுகுவர்த்தி எரிகிறது; சிலர் சுருட்டு வைக்கின்றனர்; கள்ளும் படைப்பர் என்றனர். காப்பிரி முத்தப்பன் என்பது பெயர். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இங்குக் கொண்டுவந்த மக்களின் நினைவு அது. 1663-இல் தப்பியோடிய எசமானர்கள், புதைத்த செல்வத்துக்குக் காவலாகத் தம் அடிமைகளையும் கொன்று புதைத்தனர் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அக்கதை நடந்ததோ இல்லையோ, அடிமைகள் இருந்தது வரலாறு. வழிபாட்டு முறையைப் பற்றி நாம் இங்கு வாதிடப் போவதில்லை. ஆனால் பேராலயத்தைக் காட்டிய நாம் இம்மாடத்தைக் காட்டாது போவது நேர்மையாகாது என்று கருதியே பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றோம். சிலுவையைக் கப்பலில் ஏற்றி வந்தவர்களே விலங்கிட்ட மனிதரையும் ஏற்றி வந்தனர். “அதே ஆளுங்களா, சாமி?” என்று பத்து வயதுச் சிறுமி கேட்டாள். ஆம் என்றோம். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

எப்போது செல்வது என்று கேட்போருக்கு ஒரு சொல். டிசம்பர் மாதக் கடைசி நாளில் ‘பாப்பாஞ்ஞி’ என்னும் கிழவன் உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பது இங்குப் பெருவிழா. அன்று தெருக்களில் எள் விழ இடமிராது. முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்லத் தக்க நாள் அன்று. 2012 முதல் நடைபெறும் கலைக்காட்சியாம் பியன்னாலே நிகழும் மாதங்களிலும் பழைய கிட்டங்கிகள் நிரம்பி வழியும். கலையில் நாட்டமுள்ள இளைஞர் அப்போது செல்லலாம். குடும்பங்களுக்கு ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் உகந்தவை. ஒன்று மட்டும் உறுதி: காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணம் வேண்டா. பகலில் வண்டிகள் வந்து குவிந்து நகரத்தின் இரைச்சலையே இங்கும் கொண்டுவருகின்றன. அவை போனபின், மாலை ஏழு மணிக்கும் அதிகாலை ஆறு மணிக்குமே இவ்வூர் தன் முகத்தைக் காட்டுகிறது.

தங்குவது என்றால் எங்கே? இங்குதான் நம் மனத்தில் ஓர் உறுத்தல் எழுந்தது. பழைய வீடுகளில் பல இன்று விடுதிகளாகிவிட்டன. ஓட்டுக் கூரையும் தடித்த சுவர்களும் மழைமரத்து நிழலும் தேடி வருகின்றவர்களுக்காக, அவற்றினுள் வாழ்ந்தவர்கள் வெளியேறுகின்றனர். எல்லா வீடுகளும் விடுதிகளானால் பேராலயத்தில் காலைத் திருப்பலிக்கு வருபவர் யார்? வலைக்காரரிடம் மீன் வாங்குபவர் யார்? யூதர் தெருவில் கண்டதையே எங்கும் காண்போம். நாம் பேராலயத்துக்கு அருகே ஒரு சந்தில், வீட்டார் வாழ்ந்துகொண்டே மாடி அறைகளை மட்டும் வாடகைக்கு விடுகின்ற இல்லத்தைத் தேடிப் பிடித்தோம். மற்றவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் தங்கினர். வீட்டுக்குரியவர் எழுபது வயதைக் கடந்த கைம்பெண். அச்சன் என்று நம்மை அழைத்து, குடம்புளி இட்ட மீன் குழம்பும் அப்பமும் தம் கையாலேயே பரிமாறினார்.

அக்டோபர் மாதத்தில் முன்பெல்லாம் இச்சந்தில் நாள்தோறும் ஒரு வீட்டில் ஜெபமாலை நடக்குமாம். மாதம் முடிந்தாலும் வீடுகள் முடியாவாம். இப்போது முதல் வாரத்திலேயே வீடுகள் தீர்ந்துவிடுகின்றன என்றார். அவருடைய பிள்ளைகள் எர்ணாகுளத்திலும் வளைகுடா நாட்டிலும் இருக்கின்றனர். வீட்டை விற்றுவிடுமாறு அவர்கள் வற்புறுத்துவதும் உண்டு. அப்படியானால் அந்நியரை வீட்டில் ஏற்றி வாடகைக்கு விடுவது உங்களுக்கு வருத்தமில்லையா அம்மா என்று கேட்டோம். அவர் மேலே கையைக் காட்டினார். சென்ற மழைக்காலத்துக்கு முன் கூரை ஓடுகளை மாற்றியது அந்த வாடகைப் பணத்தில்தான் என்றார்.